படையல் பால்

ஆறு வருடம் நான் ஒரு வாய் சோறு தின்னவில்லை. விரதமா என்று கேட்காதீர்கள். ஏகாதசிக்குக்கூடப் பட்டினி கிடக்கத் தெரியாத வயிறு என்னுடையது. அடிவயிற்றுப் புற்றுக்குக் கொடுத்த கதிர்வீச்சு புற்றைக் கொன்றது. போகிற போக்கில் என் சிறுகுடலின் உள்தோலையும் கருக்கிவிட்டது. அதன் பிறகு சாப்பாடு என்பது, மார்பில் செருகிய குழாய் வழியாக நேரே ரத்தத்தில் இறங்கும் ஒரு வெள்ளைப் பை. பசி மட்டும் போகவில்லை. பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் நெய் காய்ச்சும் வாசனை வந்தால், ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்து அழுவேன்.

டாக்டர் மெஹருன்னிசாதான் அந்தப் புதுச் சிகிச்சையைச் சொன்னார்.

"குடலுக்குள்ள மெல்லிசா ஒரு படலம் இருக்கு பிரவீணா. சாப்பாட்டை உடம்புக்குள்ள வாங்கிக்கிறது அதுதான். நாலஞ்சு நாளைக்கு ஒரு தடவை அது உதிர்ந்து புதுசா வரும். வாழையில நடுவுல குருத்து வந்துக்கிட்டே இருக்கும், பழைய இலை வெளிய காய்ஞ்சுபோகும் இல்லையா, அந்த மாதிரி. குருத்து விடற அந்த அணு உங்களுக்கு மொத்தமா செத்துப்போச்சு."

"வேற யாரோடதாவது வெச்சா ஆகாதுங்களா?"

"உடம்பு ஏத்துக்காது. எல்லார் உடம்பும் ஏத்துக்கிற குருத்தணு இதுவரைக்கும் ஒரே ஒருத்தர்கிட்டதான் கிடைச்சிருக்கு. தெக்க ஏதோ ஊர்ல ஆக்சிடெண்ட்ல செத்துப்போன பொண்ணு. அதை ஒரு திசு வங்கியில வெச்சு வளர்க்கறாங்க. வருஷத்துக்கு ஒரு மாத்திரை. நிறுத்தினா, குருத்து கொஞ்சம் கொஞ்சமா அத்துப்போயிடும்."

மாத்திரையை விழுங்கினேன். அடுத்த மாதமே ஆஸ்பத்திரி கேன்டீனில் ஒரு கரண்டி ரசஞ்சாதம் தின்றேன். அந்த ரசத்தில் புளியும் இல்லை, உப்பும் இல்லை. தட்டை வழித்து நக்கினேன்.

என்னைப்போல இப்போது நானூறு பேருக்கு மேல் இருக்கிறோம். எங்களுக்குள் ஒரு குழு உண்டு. அதில் நடக்கும் பேச்சு முழுக்கச் சாப்பாடுதான். வேறு எதைப் பேசினாலும் கடைசியில் இட்லியில் வந்து முடியும். எங்கள் எல்லோருக்கும் ஒரே ஒரு குறை, பால் ஆகாது. அரை டம்ளர் உள்ளே போனால் போதும், வயிறு உருண்டு புரண்டு ஊரைக் கூட்டும். காலையில் பால்காபி குடிக்காமல் கண் திறக்காத குடும்பத்தில் பிறந்தவள் நான், இப்போது வரக்காபி. ஆறு வருடப் பட்டினிக்கு முன்னால் இதெல்லாம் ஒரு குறையா?

போன மாதம் குழுவில் அந்தச் செய்தி வந்தது. எங்களுக்குக் குருத்தணு கொடுத்த அந்தப் பெண்ணின் அப்பா கோர்ட்டில் மனுப் போட்டிருக்கிறார். வங்கியில் இருக்கும் மகளின் அணுக்கள் அத்தனையையும் தன்னிடம் ஒப்படைக்க வேண்டும், தகனம் செய்யப்போகிறேன் என்று கேட்டிருக்கிறார். பெற்றவர் கேட்டால் கொடுத்துத்தான் தீர வேண்டும் என்கிறது சட்டம். பேசப்போன வங்கி ஆட்களை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டாராம். தீர்ப்பு அடுத்த மாதம். அதற்குப் பிறகு எங்களுக்கு மாத்திரை இல்லை. மறுபடியும் குழாய், மறுபடியும் வெள்ளைப் பை. அதுவும் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று டாக்டர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

"நீ போய்ப் பேசு பிரவீணா" என்றார்கள் எல்லோரும். காரணம் இருக்கிறது. நான் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். புது மாப்பிள்ளையிடம் போய், "நாளைக்கே நீங்க போயிட்டீங்கன்னு வெச்சுக்குங்க" என்று ஆரம்பித்து, கையெழுத்தும் வாங்கிக்கொண்டு, அவன் வீட்டிலேயே விருந்தும் சாப்பிட்டுவிட்டு வருகிறவள். மனுவில் அவர் பெயர், ஊர், மகள் இறந்த தேதி எல்லாம் இருந்தன. அந்தத் தேதி பார்த்துத்தான் கோயம்புத்தூரில் பஸ் ஏறினேன். மனசு இளகியிருக்கும் நாளில் போய் நிற்பது எங்கள் தொழிலில் பாலபாடம்.

டிரைவர் இல்லாத பஸ், கடையம் தாண்டி, ஊருக்குப் பாதை பிரியும் ஒரு விலக்கில் என்னை இறக்கிவிட்டு, "பார்த்துச் செல்லவும்" என்று சொல்லிவிட்டுப் போனது. வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. ஊரே தொழிற்சாலைத் தொட்டியில் விளையும் பாலுக்கு மாறிவிட்ட காலத்தில், அந்த வட்டாரத்தில் மாடு வைத்துக் கறந்து ஊற்றுகிறவர் அந்தப் பெண்ணின் அப்பா இசக்கிராஜா ஒருவர்தான். சாண வாசனையைப் பிடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தேன்.

கதவைத் திறந்தது அவர் மனைவி செண்பகம். ஐம்பத்தைந்து வயதிருக்கும். நான் யார் என்று மறைக்காமல் சொன்னேன். வாசலோடு அனுப்பிவிடுவார் என்று பயந்துகொண்டே நின்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் வயிற்றைத்தான் பார்த்தார்.

"உள்ள வாங்க. அவுக மாட்டக் குளிப்பாட்டப் போயிருக்காக. இன்னைக்கு சுபிக்குப் படையலு. சுபிக்ஷான்னு பேரு, சுபின்னுதான் கூப்பிடுவோம். வெயில்ல வந்திருக்கிய, பால்காப்பி போடுதேன். எங்க வீட்டுப் பாலு."

"பால் எனக்கு ஆகாதுங்க அக்கா. வரக்காபி குடுத்தாப் போதும்."

அடுப்பை நோக்கித் திரும்பியவர் அப்படியே நின்றார்.

"சின்னதுல இருந்தே ஆகாதா?"

"இல்லீங்க. முந்தியெல்லாம் ஒரு நாளைக்கு நாலு டம்ளர் குடிப்பேன். இந்த வயிறு வந்ததுக்கு அப்புறந்தான்."

கருப்பட்டிக் காப்பி போட்டு என் கையில் கொடுத்தபோது அவர் கண்கள் நனைந்திருந்தன. படையல் நாள்தானே, பெற்ற வயிறு பற்றி எரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

இசக்கிராஜா ஈரத் துண்டோடு வந்தார். கறுத்த, உயரமான மனிதர். மனைவி விஷயத்தைச் சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். துரத்தவில்லை. தொழுவத்தை ஒட்டிய வேப்பமர நிழலில் எனக்கு ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டு, எதிரில் கழுநீர்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார்.

"நல்ல நாள்ல வந்திருக்கிய. போன்னு சொல்ல மனசு வரல. ஆனா கேஸைப் பத்திப் பேசாதிய."

"பேசலீங்க அண்ணா. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எதுக்காகங்க எரிக்கோணும்?"

கன்றுக்குட்டி ஒன்று அவர் முழங்கையை நக்கிக்கொண்டிருந்தது. அதைத் தள்ளிவிடாமல் பேச ஆரம்பித்தார்.

"ஊருக்கே பால் ஊத்துதவன் நான். எம்பிள்ள பாலைக் கண்டா மூஞ்சியச் சுளிப்பா. வயித்த வலிக்குன்னுவா. நடிப்புன்னு நெனச்சேன். மாட்டுக்காரன் மகள்னு காலேஜ்ல கேலி பேசுதாங்கபோல, அதான் வீட்டுப் பாலு கசக்குன்னு நெனச்சேன். தெனமும் காலையில ஒரு டம்ளரக் கையில குடுத்து, குடிச்சியான்னு கேட்டுட்டுத்தான் தொழுவத்துக்குப் போவேன். அன்னைக்குப் பரீட்ச. வேண்டாம்பா, இன்னைக்கு மட்டும் வேண்டாம்பான்னா. நான் நகராம எதுக்கவே நின்னேன். அவ டம்ளரத் தட்டிவிட்டுட்டா."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இந்த வீட்டுப் பாலு எறங்காதுன்னா, இந்த வீட்டுச் சோறும் எறங்க வேண்டாம்னு சொல்லிட்டேன். வச்ச தட்டை அப்படியே விட்டுட்டு வண்டிய எடுத்துட்டுப் போனா. ஆஸ்பத்திரியிலதான் பாத்தேன். மூளை செத்துட்டு, உறுப்பத் தாரியளான்னு கேட்டாங்க. கையெழுத்துப் போட்டேன். மிச்சத்தத்தான் எரிச்சோம்."

"அண்ணா..."

"கேளுங்க. வருசா வருசம் படையல் போடுதேன். கதவச் சாத்துதோம். தொறந்து பாத்தா பால் டம்ளர் காலியா இருக்கும். சோறு வச்சது வச்சபடியே இருக்கும். காக்காவும் தொடாது. எனக்கு வெளங்கிட்டு. கோவம் தீந்து வாரா, அப்பன் பாலைக் குடிச்சிட்டுப் போறா. ஆனா சோறு எறங்கல. எப்படி எறங்கும்? வயித்தத்தான் வங்கியில வச்சிருக்காங்களே! அதையும் எரிச்சாத்தானே பிள்ளைக்கு ஒரு வாய் சோறு போகும்?"

சிரிக்கலாம் போலத் தோன்றும் கணக்குதான். அவர் முகத்தைப் பார்த்தால் சிரிப்பு வராது. ஆறு வருடம் சோறு இறங்காமல் கிடந்தவளுக்கு அந்தக் கணக்கு நன்றாகவே புரிந்தது.

திடீரென்று என் வயிறு சத்தமாகக் கத்தியது. விடியற்காலையில் தின்ற இரண்டு இட்லி எப்போதோ கரைந்துபோயிருந்தது. இசக்கிராஜா நிமிர்ந்தார்.

"பசிக்கா... அது அவளுக்குத் தெரியுமா? நீங்க சாப்பிட்டா அவளுக்குத் தெரியுமா?"

என் தொழிலில் இப்படி ஒரு நொடி வரும். எதிரில் இருப்பவர் கதவைத் திறந்துவிட்டார் என்று தெரியும், ஒரே ஒரு பொய் சொன்னால் உள்ளே போய்விடலாம். 'தெரியுமுங்க, எனக்குள்ள இருந்து உங்களைத்தான் பாக்கறா' என்று சொன்னால் இந்த மனிதர் இப்போதே மனுவை வாபஸ் வாங்குவார். நானூறு வயிறு பிழைக்கும். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"தெரியாதுங்க அண்ணா" என்றுதான் வந்தது. "கத்துனது என்ற வயிறு. உங்க பொண்ணோடது உள்ள இருக்கற படலம் மட்டுந்தானுங்க. வாழைக் குருத்தாட்டம் அடியில இருந்து வந்துட்டே இருக்கும், பழசு நாலஞ்சு நாள்ல உதிர்ந்துபோகும். அதுக்கு நெனப்பு கெடையாது, பேச்சு கெடையாது. வர்ற சோத்தை வாங்கி உடம்புக்குக் குடுக்கும். அவ்வளவுதான்."

"உதிந்துருமா? அப்பம் இப்ப இருக்கது சுபி இல்லியா?"

"எனக்கு அது சொல்லத் தெரியலீங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்தார். வந்த காரியம் கெட்டது என்று நினைத்தேன். வாய்ச்சொல்லில் பிழைக்கிறவள், வேண்டிய இடத்தில் வாயைக் கோட்டைவிட்டேன்.

கூடத்தில் படையல் தயாராகியிருந்தது. புகைப்படத்துக்கு முன்னால் குத்துவிளக்கு. கன்னியாகச் செத்த பெண்ணுக்கு வைக்கும் புதுத்துணி. மஞ்சள் சுடிதார், விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல் இருந்தது. தலைவாழை இலையில் சோறு, தேங்காய்ப்பாலில் காய்கறி போட்டுக் காய்ச்சிய சொதி, இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு வறுவல். இலையின் பக்கத்தில் வெள்ளி டம்ளர் நிறையப் பால். படத்தில் இருந்த பெண் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். இவளுக்கா நான் கடன்பட்டிருக்கிறேன் என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

சூடம் காட்டிக் கதவைச் சாத்திவிட்டு மூவரும் வெளியே வந்து உட்கார்ந்தோம். செண்பகம் என் பக்கத்தில், என் கையைப் பிடித்தபடி இருந்தார்.

"ஏட்டி, எப்பவும் அடுப்பப் பாத்துட்டு வாரேன்னு உள்ள போவியே. போகலியா?" என்றார் இசக்கிராஜா.

"அடுப்புல ஒண்ணும் இல்ல" என்றார் செண்பகம்.

கொஞ்ச நேரம் கழித்து இசக்கிராஜா போய்க் கதவைத் திறந்தார். திறந்தவர் உள்ளே போகாமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாலு அப்படியே இருக்கே."

நாங்கள் எழுந்து போனோம். டம்ளரில் ஏடு கட்டியிருந்தது. ஒரு சொட்டுக் குறையவில்லை.

"இத்தன வருசத்துல இப்படி ஆனதே இல்லியே. வரலியா? கேஸு போட்டது பிடிக்கலியா?" சட்டென்று என் பக்கம் திரும்பினார். "நீங்க காலெடுத்து வச்சிய, எம்பிள்ள வராமப் போயிட்டா!"

"அவங்கள ஏன் வைதிய?" என்றார் செண்பகம். "பாலு குறையாததுக்குக் காரணம் நான். இன்னைக்கு நான் குடிக்கல."

இசக்கிராஜாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கூடத்துக்கு அடுக்களையில் இருந்து இன்னொரு கதவு இருந்தது.

"வருசா வருசம் அந்தப் பாலக் குடிச்சது நான்தான். மொத வருசம் பாலப் படைச்சிட்டு, மன்னிச்சிருளான்னு தலையிலயும் தரையிலயும் அடிச்சிக்கிட்டு அழுதிய. ஒறக்கமே இல்ல உங்களுக்கு. குடிச்சிட்டுப் போயிருக்கான்னு நெனச்சா ஒறங்குவியன்னு குடிச்சேன். ஒறங்கினிய. பொறவு எப்படி விட? அது கோர்ட்டு வரைக்கும் போவும்னு நான் கண்டேனா?"

"ஏ செண்பகம்..."

"அவ இருக்கும்போதும் நான்தான் குடிச்சேன். நீங்க தொழுவத்துக்குத் திரும்பின ஒடனே டம்ளர என்கிட்ட நீட்டிருவா. அவளுக்கு வயித்தவலி நெசம். என்னைக்காவது குடிச்சிட்டான்னா பள்ளிக்கூடத்துல சுருண்டு கெடப்பா. அன்னைக்கு ஒரு நாள்தான் நீங்க எதுக்கவே நின்னுட்டிய. என்னால வாங்கிக் குடிக்க முடியல." செண்பகம் என் கையை விடவில்லை. "நான் சொன்னா நம்பமாட்டிய. இந்தத் தாயிகிட்டக் கேளுங்க. சுபி வயித்துக்குப் பாலு ஆகுமா ஆகாதான்னு கேளுங்க."

இசக்கிராஜா என்னைப் பார்த்தார். எவ்வளவு யோசித்துப் பேசினாலும் வலிக்கப்போகிற விஷயம். அதனால் உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

"சில பேருக்குப் பாலைச் செரிக்கற சத்து சின்ன வயசோட நின்னுருமுங்க அண்ணா. அந்தச் சத்து ஊறறதே இந்தப் படலத்துலதான். நான் முந்தி எவ்வளவு பால் குடிச்சாலும் ஒண்ணும் ஆகாது. உங்க பொண்ணோடது வெச்சதுக்கு அப்புறம் அரை டம்ளர் தாங்கறதில்லை. எனக்கு மட்டுமில்லீங்க. நாங்க நானூறு பேரு. ஒருத்தருக்கும் ஆகாது."

அவர் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தார். அழவில்லை. டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானூறு பேரு சாட்சி சொல்லுதிய" என்றார் கடைசியில். "எம்பிள்ள ஒத்தையில நின்னு சொன்னா. நான் நம்பல."

செண்பகம் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து தோளில் கை வைத்தார். அதன் பிறகுதான் அவர் அழுதார். நான் திரும்பிக்கொண்டேன். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் அது அவர்கள் வீட்டு அழுகை, அதில் போய்ப் பங்கு கேட்கக் கூடாது.

கிளம்பிவிடலாம் என்று பையை எடுத்தேன். இசக்கிராஜா எழுந்து வந்தார். வெள்ளி டம்ளரை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போனார். கன்றுக்குட்டியின் வாய்க்கு நேரே ஒரு சட்டியில் அதை ஊற்றினார். கை கழுவிவிட்டு வந்து, இலைக்கு முன்னால் ஒரு மணையைப் போட்டார்.

"பையைக் கீழ வைங்க. உக்காருங்க."

"அண்ணா, இது உங்க பொண்ணுக்குப் போட்ட எலைங்க."

"தெரியும். உக்காருங்க."

உட்கார்ந்தேன். சோற்றைக் குழித்துச் சொதியை ஊற்றப்போனவர், கரண்டியைத் தூக்கிய நிலையில் நின்றார்.

"இது தேங்காப்பாலு. இது ஒத்துக்கிடுமா?"

"பேஷா ஒத்துக்குமுங்க."

ஊற்றினார். பிசைந்து ஒரு வாய் வைத்தேன். இஞ்சித் துவையலின் காரம் ஏறியது. எத்தனையோ வீடுகளில் விருந்து தின்றிருக்கிறேன், வேலை முடிந்த சந்தோஷத்தில் தின்ற சாப்பாடு அதெல்லாம். இங்கே வந்த வேலையைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. வாய் நிறையச் சோறு இருந்தது, கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்து இலையில் விழுந்தது. இசக்கிராஜா எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நான் விழுங்கும் ஒவ்வொரு வாயையும் பார்த்துக்கொண்டிருந்தார். கொல்லைச் சுவர் மேல் காக்காய்க்கு வைத்த உருண்டை காய்ந்துகொண்டிருந்தது. அதை யாரும் போய்ப் பார்க்கவில்லை.

"மெதுவாத் தின்னுளா" என்றார். "விக்கிக்கிடப் போகுது."

இவ்வளவு நேரம் 'வாங்க, போங்க' என்று பேசியவர். அப்படிச் சொன்னது அவருக்கே தெரிந்ததாகத் தோன்றவில்லை. நான் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டேன். உண்மையில் என் வயிறு நிரம்பி வெகுநேரம் ஆகியிருந்தது.

சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பியபோது இருவரும் விலக்குவரை வந்தார்கள். கேஸைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தூரத்தில் பஸ் தெரிந்ததும் அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"பாலு தவுத்து வேற என்னெல்லாம் ஆகாது உங்களுக்கு?"

"வேற ஒண்ணுமில்லீங்க அண்ணா. கல்லைத் தின்னாலும் செரிக்கும்."

"உங்களுக்குச் சரி. மத்த எல்லார்ட்டயும் கேட்டுச் சொல்லுங்க. அடுத்த வருசம் வரும்போது, கேக்கக் கூச்சப்பட்டுக்கிட்டுத் தின்னுட்டு, எவனும் வயித்தப் புடிச்சிக்கிட்டுக் கெடக்கப்பிடாது."

நான் காதில் விழுந்ததை நம்பாமல் செண்பகத்தைப் பார்த்தேன். அவர் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

"நானூறு பேருங்க அண்ணா" என்றேன்.

"நீங்கதான மூச்சுக்கு மூச்சு சொன்னிய."

"அத்தன பேருக்கு எலை போடணும்னா, கொல்லையில ஒரு வாழை மிஞ்சாது" என்றார் செண்பகம்.

பஸ் வந்து நின்று கதவைத் திறந்தது. இசக்கிராஜா என் பையை வாங்கி உள்ளே வைத்தார்.

"வெட்டுனா என்ன" என்றார். "குருத்து வரும்லா."